பின்வரிசை மரங்கள்

தோட்டத்துக்குள் யார் வந்தாலும் சுலாசி முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையைத்தான் பார்ப்பாள். அர்ஜுனோ மலைச்சரிவில், பூமியாஜி கிராமத்தில் அவளுக்கு முந்நூறு ஆப்பிள் மரங்கள். வாசலில் சீட்டு வாங்கியவர்கள் வயிறு கொள்ளுமட்டும் பறித்துத் தின்னலாம். வீட்டுக்குக் கொண்டுபோவதை மட்டும் எடை போட வேண்டும். பதினோரு வருஷத்தில் குழந்தையின் தொப்பிக்குள் ஆறு பழம், மழைக்கோட்டின் கைக்குள் எட்டுப் பழம் என்று எத்தனையோ பிடித்திருக்கிறாள். புருஷன் செத்த நாற்பதாம் நாளே, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணி" என்று வந்த மைத்துனன் தோட்டத்தை விலைக்குக் கேட்டான். அதிலிருந்து "சும்மா" என்று யார் சொன்னாலும் அவளுக்குக் காது நிமிர்ந்துவிடும்.

இரண்டு வருஷமாக இன்னொரு சந்தேகம். பின்வரிசையில் மரங்கள் இலை மஞ்சளித்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. இதுவரை ஏழு மரம். வேலிக்கு அந்தப் பக்கம் பாய்மினின் ஆரஞ்சுத் தோட்டம். அவர்தான் வேரில் ஏதோ ஊற்றுகிறார் என்று முடிவு கட்டிப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுரபாயாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளைகள் பச்சை ஆப்பிளுக்காக மரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, கூட வந்த கிழவர் ஒரு பழத்தையும் தொடவில்லை. மரப்பட்டையை நகத்தால் சுரண்டினார். மண்ணை அள்ளி முகர்ந்தார். தோளில் துணிப்பையோடு பின்பக்கமாக நடந்தார்.

"பாக், பழமெல்லாம் இந்தப் பக்கம்" என்று ஐயா போட்டே கூப்பிட்டாள்.

"பல்லு இல்ல இபு" என்று அவரும் அம்மா போட்டே பேசினார். "சும்மா பாக்கறேன். நீங்க போயி வேலையப் பாருங்க."

"என் வேலையே இதுதான்."

கிழவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. போவதுபோலப் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்றாள். பட்டுப்போன மரத்தடியில் அவர் குந்தினார். பையிலிருந்து சிறிய கத்தியை எடுத்து வேரோரம் கிளறத் தொடங்கினார்.

"கையை எடுய்யா! யாரு அனுப்புனா உன்னை? பாய்மினா?"

"பாய்மின் யாரு?"

"பையைத் தொற மொதல்ல!"

சத்தம் கேட்டுக் கிழவரின் மகன் ஓடிவந்தான். "எங்கப்பாகிட்ட என்ன பேச்சு பேசறீங்க?"

"விடுடா" என்று கிழவர் பையைக் கவிழ்த்தார். தண்ணீர் புட்டி, மாத்திரை, மாற்றுச் சட்டை, இலையில் கட்டிய தெம்பே என்ற வறுத்த சோயாக் கட்டி. சுலாசி தெம்பேயையும் பிரித்துப் பார்த்தாள்.

"வெஷத்தைத் தேடறீங்களா? நானும் தேடுனேன்" என்றார் கிழவர். அவர் பெயர் தர்சோனோ. நொங்கோஜஜார் என்ற ஊரில் தொள்ளாயிரம் ஆப்பிள் மரம் வைத்திருந்தவர். "என் தம்பிதான் ஊத்தறான்னு போலீசு வரைக்கும் போனேன். இங்க பாருங்க."

அவர் பட்டையை உரித்துக் காட்டிய வேரில் வெள்ளை வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. காளான் வாடை அடித்தது.

"பூஞ்சை. வேரப் புடிச்சே அடுத்த மரத்துக்குப் போயிடும்."

"உங்க தம்பி?"

"அப்புறம் எங்க வீட்டுப் படி ஏறவேயில்ல. நான் போனப்பவும் கதவத் தொறக்கல."

அவர்கள் கிளம்பும்போது சுலாசி அந்தப் பையை மறுபடி ஒரு தரம் பார்த்துத்தான் அனுப்பினாள்.

பிறகு மண்வெட்டியை எடுத்தாள். கிளறின இடத்தில் கிழவரே எதையாவது வைத்திருக்கலாம் அல்லவா? அதனால் அவர் கால் படாத நான்கு மரங்களைத் தோண்டினாள். நான்கிலும் வெள்ளை. கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்ற ஐந்தாவது மரத்திலும் வெள்ளை. அதன் வேர் வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போயிருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் இறங்குமுன் வேலியோரம் போய் நின்று கூப்பிட்டாள்.

"பாக் பாய்மின்! இந்த ஓரத்து ஆரஞ்சு மரத்துல வேரைத் தோண்டிப் பாருங்க. வெள்ளையா நூலு மாதிரி இருக்கான்னு."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த பேச்சு. பாய்மின் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

"ஏன், நீங்க ஏதாவது போட்டீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு மண்வெட்டியை வேலிக்கு மேலாக நீட்டினாள். "நீங்களே தோண்டுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

ஒவ்வொரு வெட்டுக்கும் நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டே அவர் தோண்டினார். மூன்றாவது வெட்டில் வெள்ளை தெரிந்தது.

அந்த வாரமே சுலாசி பின்வரிசையில் பதினான்கு மரங்களை வெட்டி, வேரோடு பிடுங்கி எரித்தாள். பூஞ்சை பரவாமலிருக்க வேலியின் இரு பக்கமும் ஆளுக்கொரு பள்ளம் வெட்டினார்கள். வேலை முடிகிறவரை, அடுத்தவர் ஒழுங்காக ஆழம் வெட்டுகிறாரா என்று இரண்டு பேரும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.