அக்காவுக்கு எதிராக அக்கா

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பெயர் அக்கா. சட்டமன்றத்தில் தலை நரைத்த உறுப்பினர்கள்கூட, "அந்த அக்கா வந்திருக்காங்களா?" என்று உதவியாளரிடம் விசாரித்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வருவார்கள். வந்திருக்கிறார் என்று தெரிந்தால் பின்பக்கப் படி வழியாகப் போய்விடுகிறவர்களும் உண்டு. அக்காவுக்கு அந்தப் பின்பக்கப் படியும் தெரியும் என்பது வேறு விஷயம்.

அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு நகல் எந்திரம், கால் ஆடும் மேசைகள். படியேறும்போதே சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் கூடவே ஏறி வரும். மாநிலம் முழுக்க இளைஞர்களைத் திரட்டி முற்போக்கு அரசியலில் இறக்கிவிடுவதுதான் அமைப்பின் வேலை. கட்சி இல்லை, கொடி இல்லை, தேர்தலில் நிற்பதும் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வைப்பது, சட்ட முன்வரைவை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, வாசித்ததைக் கையோடு எடுத்துக்கொண்டு உறுப்பினரின் வாசலில் போய் நிற்க வைப்பது. மருத்துவமனையில் பயிற்சிக்கு வரும் பெண்கள் வேலை முடிந்து வீடு திரும்பப் பேருந்து விட வைத்தது இவர்கள்தான். அதற்கு இரண்டு வருடம் பிடித்தது. பேருந்து வந்த பிறகு, தாங்களே கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. அக்கா அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது பேருந்து நிறுத்தத்தில் யாரோ நீட்டிய மனுவில் கையெழுத்துப் போட்டவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். முதலில் தொண்டர், பிறகு மாவட்டப் பொறுப்பு, இப்போது மாநில அமைப்பாளர். நடுவில் கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள், முதுகுவலி வந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. ஒருவரைப் பார்த்து "ஓட்டு போடுவீங்களா?" என்று கேட்கக் கூடாது, "எத்தனை மணிக்குப் போவீங்க, யார்கூடப் போவீங்க?" என்றுதான் கேட்க வேண்டும் என்பதை இந்த மாநிலத்தில் அவரிடம் கேட்டு அலுக்காத இளைஞர் இல்லை.

அமைப்பில் ஒரு விதி உண்டு. முப்பத்தைந்து வயது முடிந்தால் யாரும் பொறுப்பில் இருக்கக் கூடாது. இளைஞர் அமைப்பு என்று பலகை மாட்டிவிட்டு வழுக்கைத் தலைகள் உட்கார்ந்திருப்பதா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை போட்டுக் கொண்டுவந்த விதி. அக்காவுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது.

வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் ஒரு வேலை தயாராக இருந்தது. காலையில் போனால் மாலையில் வந்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அந்த வேலையை நினைத்தாலே அக்காவுக்கு முதுகுவலி பாதி குறைந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரேடியோ ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்தாள். ரேடியோ என்பது தலைநகர்க் கிளையின் செயலாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். போட்டால் நிறுத்த முடியாது. 'மாநில அமைப்பாளருக்கு மட்டும் வயது வரம்பை நாற்பதாக உயர்த்த வேண்டும்' என்பது தீர்மானம். கீழே பதினோரு கிளைகள் கையெழுத்துப் போட்டிருந்தன.

"அக்கா, உங்களை விடுறதா இல்ல. வாடகைச் சட்டம் இந்தக் கூட்டத்தொடர்ல வருது. நீங்க இல்லாம அதை யார் இழுத்துட்டுப் போறது? நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா இருங்க, நாங்க பார்த்துக்கறோம்."

அக்கா சும்மாதான் இருந்தார். சும்மா இருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. சம்பளம் வாங்குகிறவர்கள், உறுப்பினர்கள் முடிவெடுக்கும் விஷயத்தில் வாய் திறக்கக் கூடாது என்பது அமைப்பின் இன்னொரு பழக்கம். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் அந்தப் பக்கமே சாய்வார்கள் என்று, அந்தப் பழக்கத்தை மற்றவர்களைவிடக் கறாராகக் காப்பாற்றியவரும் அவர்தான். இத்தனை வருடத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் முகத்தைக்கூடச் சுளித்ததில்லை.

வீட்டில் கணவருக்கு இது பிடிபடவே இல்லை. அவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். வேண்டும், வேண்டாம் என்று இரண்டே பதிலில் நாளை ஓட்டுகிறவர்.

"உனக்குப் போகணும்னு இருக்கு. போறேன்னு சொல்லு. அவ்ளோதானே?"

"சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லியிருக்கேன்."

"ராஜினாமா பண்ணிடு."

"பதினோரு கிளை கையெழுத்து போட்டிருக்கு. அவங்க கூடிப் பேசறதுக்கு முன்னாடி நான் கடுதாசியைத் தூக்கிப் போட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

"சரி, அவங்க ஜெயிச்சுட்டா?"

அவர்கள் ஜெயித்துவிட்டால் அக்கா இருந்துவிடுவார். அது அவருக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். வேண்டி நிற்கிற பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வந்ததே இல்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நல்லதுதான் அண்ணி. இன்னும் அஞ்சு வருஷம் போச்சுன்னா உங்க பொண்ணைப் பெத்தது நான்தான்னு ஊரே முடிவு பண்ணிடும். டீச்சர் இப்பவே அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க."

மாநிலப் பேரவை சனிக்கிழமை கூடியது. வழக்கம்போல ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தரையில் பல நிறக் கோடுகள், ஓரத்தில் சுருட்டி வைத்த பாய்கள், மேலே கூடைப்பந்து வளையம். அதற்கு நேர் கீழேதான் தலைமை மேசை. மேசைக்குப் பின்னால் இருந்த பையனை எல்லோரும் 'சட்டம்' என்று கூப்பிடுவார்கள். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். டீ குடிக்க எழுந்து போவதற்குக்கூட விதிமுறையில் இடம் பார்ப்பான் என்று கேலி செய்வார்கள்.

இந்த அமைப்புக்கென்று ஒரு வினோதமான வழக்கம் உண்டு. எந்தத் தீர்மானமும் எதிர்ப்பேச்சு கேட்காமல் வாக்கெடுப்புக்குப் போகக் கூடாது. எதிர்க்க ஆளே இல்லையென்றால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யார் சீட்டு வருகிறதோ அவர் எழுந்து, தன் சொந்த எண்ணம் எதுவானாலும் சரி, தீர்மானத்துக்கு எதிராக மனசாரப் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசினால் கூட்டம் "ஊஹூம்" என்று முனகும். வாடகைச் சட்டத்தையே எதிர்த்துப் பேசி, வீட்டுச் சொந்தக்காரர்களுக்காகக் கூட்டத்தை அழவைத்தவர்கள் இங்கே உண்டு.

ரேடியோ தீர்மானத்தை முன்மொழிந்து பேசினாள். நன்றாகவே பேசினாள். பேருந்துக் கதை, பின்பக்கப் படிக் கதை எல்லாம் வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தன் இரங்கல் கூட்டத்துக்குத் தானே வந்துவிட்டது போல இருந்தது. எதிர்க்க யாருமில்லை. சட்டம் பெட்டியைக் குலுக்கி, ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தான். பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அக்கா பேரு வந்திருக்கு."

கூடம் கொல்லென்று சிரித்தது. வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதிய புதுப் பெண், வந்தவர் எல்லோருடைய பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறாள். சம்பளக்காரர்களை விட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தத் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டியவர் அக்காதான். வேறு யாருடைய சீட்டாக இருந்திருந்தாலும் இந்நேரம் எழுந்து சொல்லியிருப்பார். இன்றைக்குக் கால் எழவில்லை.

நல்லவேளை, சட்டமே சொன்னான். "முறைப்படி இது செல்லாது. சம்பளம் வாங்கறவங்க பேசக் கூடாது. அது போக, இது அவங்களைப் பத்தின தீர்மானம். வேற சீட்டு எடுக்கட்டுமா, இல்ல பேரவை அனுமதி கொடுக்குதா? நீங்கதான் சொல்லணும்."

"பேசட்டும் பேசட்டும்" என்றது கூடம். தன்னையே எதிர்த்து அக்கா எப்படி வாதாடுவார் என்று பார்க்கிற ஆசை எல்லோருக்கும். ரேடியோ எழுந்து, "பாவம் அக்கா, இப்படி மாட்டிக்கிட்டாங்களே" என்றாள். சொல்லிவிட்டு அவளும் கை தூக்கினாள். அனுமதி கிடைத்துவிட்டது.

அக்கா முன்னால் போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். மற்றவர்களை மேடையேற்றிவிட்டு ஓரத்தில் நின்றே பழகியவர். இத்தனை பேர் முன்னால் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல்" என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு அமைச்சரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தோம். ஆறு பேர் போறதா இருந்தது. ஆறு பேருக்கும் வாடகைச் சட்டம் மனப்பாடம். என்ன பண்ணீங்க? கூட்டத்தைத் தள்ளி வெச்சீங்க. காய்ச்சல் எனக்கு. படுத்தது நீங்க."

சிரிப்பு எழுந்தது. பாதியிலேயே அடங்கவும் செய்தது.

"நான் நல்லா வேலை பார்க்கறேன்னு ரேடியோ சொன்னா. அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா என்னால ஒரு கெடுதலும் நடக்குது. நான் பக்கத்துல இருந்தா நீங்க திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கறீங்க. ஒரு கேள்வி வந்தா ஆறு தலையும் என் பக்கம் திரும்புது. அமைச்சர் அதைப் பார்க்கறாரு. அப்புறம் அவர் யார்கிட்ட பேசுவாரு? இன்னைக்கு நாப்பதுன்னு மாத்துவீங்க. நாப்பது வந்ததும் இதே கூடத்துல, இதே வளையத்துக்குக் கீழ, இன்னொரு ரேடியோ நாப்பத்தஞ்சுன்னு எழுதிட்டு வருவா. அந்த ரேடியோவுக்கு இப்போ பதினைஞ்சு வயசு. அவளுக்கு உட்கார நாற்காலி வேணாமா?"

இதோடு நிறுத்தியிருக்கலாம். வாதத்துக்கு அது போதும். ஆனால் திறந்த வாய் மூட மறுத்தது.

"எனக்கும் முடியல. காலையில போனை எடுத்தா உங்கள்ல யாரோ ஒருத்தர் அழறீங்க. மத்தியானம் வேற யாரோ. நானும் ஆறுதல் சொல்றேன், பிடிச்சுத்தான் சொல்றேன். என் பொண்ணுகிட்ட ஸ்கூல்ல, 'உங்க அம்மா எங்க இருக்காங்க?'ன்னு கேட்டிருக்காங்க. 'போன்ல'ன்னு சொல்லியிருக்கா. எனக்குப் போகணும். போறதுக்கு இந்த விதி எனக்கு வேணும். அதைத் தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க."

முனகல் ஒன்றும் வரவில்லை. முதல் வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "என்னமா பேசறாங்க பாரு, நிஜம் மாதிரியே" என்று கிசுகிசுத்தது அக்கா காதில் விழுந்தது.

வாக்கெடுப்பில் சீட்டு கிடையாது, நடக்க வேண்டும். ஆதரிப்பவர்கள் ஜன்னல் பக்கம், எதிர்ப்பவர்கள் கதவுப் பக்கம். விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஜன்னல் பக்கம் நின்றாக வேண்டும். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரி ரப்பர் செருப்புத்தான் போடுகிறார்கள். சட்டம் ஒரு தடவை எண்ணினான், திருப்பியும் எண்ணினான்.

"தீர்மானம் தோத்துப்போச்சு" என்றான். கதவுப் பக்கம் நின்றவர்கள் தப்பு செய்தவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அக்காவின் தோள் இரண்டும் கீழே இறங்கின. இவ்வளவு நாளாக அவை மேலே தூக்கிக்கொண்டிருந்தன என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். "சாரிக்கா, நீங்க பேசினதுக்கப்புறம் எங்களால அந்தப் பக்கம் போக முடியல" என்றான் ஒருவன். "நீங்க இவ்ளோ நல்லாப் பேசியிருக்கக் கூடாது" என்றாள் இன்னொருத்தி. அக்கா எல்லோருக்கும் முதுகில் தட்டிக்கொடுத்தார். யாரிடமும் எதுவும் விளக்கவில்லை.

ரேடியோ மட்டும் வரவில்லை. ஜன்னல் பக்கம் கடைசிவரை நின்றவள் அவள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளை அக்காவே தேடிப் போனார்.

"கலக்கிட்டீங்க" என்றாள் ரேடியோ, திரும்பாமல். "அதுக்காக இப்படியா நடிக்கிறது? கடைசியில பொண்ணு கதையெல்லாம் எடுத்துவிட்டு."

"நடிக்கல."

ரேடியோ குழாயை மூடினாள். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். அவள் பேசாமல் நின்று அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எவ்ளோ நாளா?"

"போன மழைக்காலத்துல இருந்து."

"சொல்லியிருக்கலாம்ல. நான் பைத்தியக்காரி மாதிரி பதினோரு கிளைக்கும் அலைஞ்சு கையெழுத்து வாங்கியிருக்கேன்."

"சொன்னா நீங்க எல்லாரும் எனக்காக முடிவு பண்ணியிருப்பீங்க. அமைப்புக்காகப் பண்ண மாட்டீங்க."

"இப்ப மட்டும் என்ன, பாதிப் பேர் உங்களைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் கதவுப் பக்கம் போனாங்க."

ரேடியோ சொன்னது சரிதான். அதை நினைத்து இன்னொரு நாள் வருத்தப்பட்டுக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டார். தன் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து அவள் முகத்தைத் துடைக்கப் போனார்.

"விடுங்க, நான் சின்னப் பிள்ளையா?" என்று தள்ளிவிட்டு, அந்த நுனியைத் தானே வாங்கித் துடைத்துக்கொண்டாள் ரேடியோ. "உங்க மேல கோபம் போகல. திங்கக்கிழமை வரைக்கும் பேச மாட்டேன்."

"நீயா?"

"சரி, சாயங்காலம் வரைக்கும்."

உள்ளே அடுத்த தீர்மானம் தொடங்கியிருந்தது. சட்டம் எட்டிப் பார்த்து, "அக்கா, மைக் இரையுது, கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?" என்று கூப்பிட்டான். அக்காவின் கால் தானாக எழுந்தது.

"ஏன், அவங்க வந்து ஊதிவிடணுமா? நான் பார்க்கறேன் போ" என்று ரேடியோ அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா குழாயடித் திண்டில் உட்கார்ந்து கணவரை அழைத்தார்.

"என்ன ஆச்சு?" கடையில் யாருக்கோ மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார் அவர்.

"தோத்துட்டாங்க."

"அப்பாடா" என்றார். பிறகு, "நீ அழறியா?" என்று கேட்டார்.

"இல்ல. சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றார் அக்கா. உள்ளே ஒலிபெருக்கி கீச்சிட்டு, நின்று, மறுபடியும் கீச்சிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.