திரைக்குப் பின்னால் மழை

ஐப்பசி 4, செவ்வாய். காலை ஆறு பத்துக்கு, விழுப்புரத்தில் மகன் வீட்டில், அக்கா இறந்தாள். வயது எழுபத்து நான்கு. நான் போய்ச் சேர்ந்தது பதினொன்றரைக்கு. மாலை நாலரைக்குத் தகனம் முடிந்தது.

ஐப்பசி 15, சனி. காரியத்தன்று படத்திறப்பில் காட்டுவதற்காக, அக்காவின் புகைப்படங்கள் இருபத்திரண்டை அவளுடைய பேத்தி கணினியில் ஸ்லைடுகளாக அடுக்கினாள். சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு. காரியம் 19, புதன்.

படங்கள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து நழுவி வந்து நடுவில் நின்றது. நிற்கும்போது சின்னதாக ஒரு மணி ஒலித்தது. எதற்கு என்று கேட்டேன்.

"சத்தம் இல்லன்னா யாரும் நிமிந்து பாக்க மாட்டாங்க தாத்தா. போனையே நோண்டிக்கினு உக்காந்திருப்பாங்க," என்றாள். பிறகு, "பாட்டி இருந்தா, எனக்கு எதுக்குடி மணின்னு கேட்டிருக்கும்," என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மூன்றாவது படத்தோடு நிறுத்தச் சொன்னேன். அவளிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்பா கோலியனூரில் விவசாய அலுவலகத்தில் வேலை பார்த்தார். நிலக்கடலையை, எங்கள் பக்கத்து வழக்கில் மல்லாட்டையை, கம்பளிப்புழு மொட்டையடிப்பதை எப்படித் தடுப்பது என்று ஊர் ஊராகப் போய் உழவர்களுக்குச் சொல்வது அவர் பணி. உழவர்களுக்கு அது தம்மைவிட நன்றாகத் தெரியும் என்பதை அவர் அறிவார். ஆகவே சொல்வதை விட்டுக் காட்டத் தொடங்கினார். அலுவலகத்தில் தூசி படிந்து கிடந்த, கண்ணாடித் தகட்டுப் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டும் படப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். கண்ணாடித் தகடுகளில் தாமே மையால் படம் வரைந்தார். மொத்தம் ஆறு: காய்ந்த புன்செய்க் கொல்லை, கோடை மழை, மழைக்குப் பின் மண்ணைவிட்டுக் கிளம்பும் அந்துப்பூச்சி, இலையில் ஊரும் புழு, பூச்சியை வரவழைத்து எரிக்கும் தீ, கடைசியில் மூட்டை ஏற்றிய வண்டி.

புழுப் படத்தில் மட்டும் இரண்டு கண்ணாடிகள். மேல் கண்ணாடியை மெல்ல இழுத்தால் புழு நகரும். கூட்டத்துக்குப் பின்னால், படப்பெட்டியருகே நின்று அதை இழுத்த கை அக்காவுடையது. அவள் எட்டாம் வகுப்பு படித்தாள். எனக்கு ஒன்பது வயது; ஒலி என் பொறுப்பு. தகரத்தை உலுக்கினால் இடி, பிஸ்கட் டின்னில் மல்லாட்டையைப் போட்டுக் குலுக்கினால் மழை, விசிறியைப் படபடவென்று தட்டினால் அந்துப்பூச்சி, பனையோலையைச் சுரண்டினால் புழு மேயும் ஓசை. நான் திரையின் அடியில், அதன் வெளிச்சம் விழும் இடத்தில் உட்காருவேன். அப்பா ஓரத்து இருட்டில் நின்று பேசுவார். கையில், கழற்றி எடுத்த பழைய சைக்கிள் மணி. அது ஒருமுறை ஒலித்தால் அக்கா படத்தை மாற்ற வேண்டும், நான் சத்தத்தை மாற்ற வேண்டும். வளவனூரிலிருந்து வல்லம்வரை காட்டினோம். ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அக்காவை ஹைஸ்கூலுக்கு அனுப்புவதில் அம்மாவுக்கு உடன்பாடில்லை. "வாத்தியாரு கூப்ட்டாகூட ஏன்னு கேக்கறதில்லையாம். இவளுக்கு எதுக்குப் படிப்பு?" என்பாள். அப்பாவிடம் இருந்தது ஒரே பதில்: "மெஷின் ஓட்டுறா இல்ல? எங்க ஆபீசுல எவனுக்கு ஓட்டத் தெரியும்?"

திண்டிவனத்தில் மேலதிகாரியின் முன் காட்டுமாறு அழைப்பு வந்தபோது, அந்தப் பதிலையே அப்பா பந்தயமாக வைத்தார். "அங்க நல்லா ஓட்டிட்டான்னா ஒம்பதாவது சேத்துடுவேன். அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

அம்மா ஒப்புக்கொண்டாள். அன்றும் வழக்கம்போல அக்காவின் காதில் எண்ணெயை இளஞ்சூடாக விட்டாள். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் காதுகளில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அதற்கு முந்தைய வாரம் வல்லத்தில், மழைப் படத்தின்போது முன்வரிசைக்காரர் ஒருவர், "மழ எங்கடா பெய்து? பையன் மல்லாட்ட ஆட்டிக்கினு கீறான். ஆட்டி முடிச்சிட்டு எனக்கு ரெண்டு குடுறா," என்றார். ஊரே சிரித்தது. கலைஞனுக்கு நேர்ந்த அவமானமாகவே அதை எடுத்துக்கொண்டேன். திண்டிவனத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். நல்ல யோசனை என்றார்.

அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. பஸ்ஸில், எப்போதும்போல என் வாயையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீ முன்னாடியே குந்துடா."

"ஏன்?"

"சும்மாதான்."

"எல்லாரும் என்னப் பாத்துச் சிரிக்கணும் ஒனக்கு."

அவள் பையிலிருந்து ஒரு மல்லாட்டை உருண்டையை எடுத்து நீட்டினாள். "இத்த வெச்சிக்கோ. முன்னாடி குந்து."

வாங்கிக்கொண்டேன். சரி என்றும் சொன்னேன்.

கூடத்தின் சன்னல்களைச் சாக்குப் போட்டு மூடி இருட்டாக்கியிருந்தார்கள். விளக்கு அணைந்ததும் நான் திரைக்குப் பின்னால் போனேன்.

முதல் படம் காய்ந்த கொல்லை. மணி ஒலித்தது. தகரத்தை உலுக்கி, டின்னைக் குலுக்கினேன். பின்னாலிருந்து பார்த்தபோது படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. இடி இடித்தது, மழை கொட்டியது, கொல்லை காய்ந்தே கிடந்தது. அடுத்த மணிக்கு நான் விசிறியைத் தட்டினேன். மழைப் படம் அப்போதுதான் வந்தது. கூட்டத்தில் ஒரு செருமல். அது சிரிப்பாகி, எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் அக்கா பதறி இரண்டு மூன்று படங்களைத் தள்ளியிருக்க வேண்டும். திரையில் தீ எரிந்தது. நான் ஓலையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நெருப்புலயும் மேயுதுபா புழு," என்றது ஒரு குரல்.

அப்பா மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. என் வாயில் உருண்டை இருந்தது.

"பசங்கள வெச்சி வேடிக்கை காட்டவா கூப்ட்டீங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி எழுந்து போனார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா சன்னலோரம் இருந்தாள். அப்பா பின் இருக்கையிலிருந்து கேட்டார்: "மணி அடிச்சது காதுல உழலியா?" மூன்றுமுறை கேட்டார். அவள் வெளியே பார்த்தபடியே இருந்தாள்.

"திமிரு," என்றார் அப்பா.

ஜூன் மாதம் அக்காவின் புத்தகப் பை எனக்கு வந்தது. அவள் கொல்லையில் களை வெட்டப் போனாள். நான் முனைவர் பட்டம்வரை படித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒருநாள் விடுதிக்கு அம்மாவின் கடிதம் வந்தது: கைக்குழந்தை அழுதால்கூட அக்கா எழுவதில்லை, டாக்டர் பார்த்துவிட்டு, சிறுவயதிலேயே செவி போயிருக்கிறது என்கிறார். வருந்தினேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள் தேர்வுக்குப் படித்தேன். அப்போதும் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

எந்த ஊரிலும் அவள் அந்த மணியைக் கேட்டதில்லை. திரையின் வெளிச்சத்தில் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தகரத்தைத் தொட்டால் மழை, ஓலையை எடுத்தால் புழு. ஒன்பது வயதுப் பையன், சிரிப்பவர்களிடமிருந்துதான் தன்னை மறைத்துக்கொள்கிறோம் என்று எண்ணியிருந்தான்.

இன்னும் செய்யாதவை:

நான்காவது படம்முதல் சரிபார்ப்பது.

மணியொலி வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்வது.

அக்காவின் காது மெஷினை யாருக்காவது கொடுப்பது. புதிதாகவே இருக்கிறது.

உருண்டையை வாங்கிக்கொண்டும் ஏன் பின்னால் போனேன் என்று அக்காவிடம் சொல்வது. முகத்துக்கு நேரே, அவள் என் வாயைப் பார்க்கும்படி.