பிசின் போகாத கை

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சிறுமிகளுக்குக் கையால் கோலுக்குள் பந்தெறியும் ஹாண்ட்போல் பழக்குகிறார்கள். ஒன்பது வயது மகள் மரினாவை நான்தான் கூட்டிப்போகிறேன். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் முதியவர் வாரம் தவறாமல் என்னை மறித்து, சுவரோரம் கிடக்கும் நீள வாங்கைக் காட்டி, "பெற்றோர் அங்கே" என்று பிரெஞ்சில் சொல்வார். போன மாதம் ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆடுகளத்துக் கோட்டைத் தாண்டிவிட்டேன். மகள் பந்தைப் பிடித்த விதம் பிழை. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், "நான் விளையாடினவள்" என்றேன். மகளைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "ஓம் ஓம், கெட்டிக்காரி" என்கிற மாதிரிச் சிரித்து, மறுபடி வாங்கைக் காட்டினார். போய் இருந்தேன்.

அவரில் பிழை இல்லை. என் சொந்த மகளுக்கே தெரியாத விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? நான் மன்னாரில் பிறந்து, ஆறு வயதில் சுவீடனுக்குப் போய், அங்கே பதினொரு ஆண்டுகள் பெண்கள் லீக்கில் சம்பளம் வாங்கி ஹாண்ட்போல் விளையாடியவள். இடது ஓரம் என்னுடையது. பந்தோடு மூன்று அடிதான் வைக்கலாம்; மூலையிலிருந்து பாய்ந்து, கால் நிலத்தில் படுமுன் பந்தை எறிந்துவிட வேண்டும். சம்பளம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்குத் தருவது வாடகைக்கே காணாது. எங்கள் கோல் காப்பவள் தாதி, இன்னொருத்தி தபால் வண்டி ஓட்டினாள், நான் காலையில் ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தேன். மாலையில்தான் நாங்கள் நாங்களாக இருந்தோம். பந்து கையில் ஒட்டுவதற்குத் தேன் நிறத்தில் ஒரு பிசின் பூசுவோம். ஒரு கட்டியைச் சப்பாத்தின் மேல் அப்பிவைத்து, ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுக்கொள்வோம். அது சவர்க்காரத்துக்கு மசியாது. அம்மா ஏசி ஏசித் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிடுவார்.

முழங்கால் போனது, மொன்றியலிலிருந்து சம்பந்தம் வந்தது. "பிள்ளை பாலர் பள்ளியில படிப்பிக்கிறா" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். பொய்யில்லை. என் காலையை வைத்துக்கொண்டு மாலையை வெட்டி எறிந்தார், அவ்வளவுதான். கலியாணத்துக்குச் சுவீடன் வந்த மாமிக்கு, கணவரின் தாய்க்கு, உண்மை தெரியாமல் போகவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள், தோழிகளோடு கடைசியாகப் பந்தெறிந்துவிட்டு நான் பிசினில் அழுக்கு ஒட்டிக் கறுத்த விரல்களோடு வர, அம்மா எண்ணெய் தேய்த்ததை மாமி பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு என் காதுக்குள், "அரைக் காற்சட்டையோட ஓடினது எங்கட சனத்துக்குத் தெரிய வேண்டாம் பிள்ளை. கண்டபடி கதைப்பினம்" என்றார். கணவர், "விடும், அவ பழைய ஆள்" என்றார். நானும் விட்டேன். இந்தக் கதையில் எனக்கு ஆகக் கோபம் என்னில்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் விளையாட்டுப் போட்டிக்கான கூட்டம். இந்த முறை பெண் பிள்ளைகளுக்கு ஹாண்ட்போலும் உண்டாம், பழக்க ஆள் தேவையாம். நான் கையை உயர்த்தினேன். பொறுப்பாளர் அருளப்பு அண்ணை நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் சிரிப்புத்தான் கூடுதலாகச் சுடும்.

"தங்கச்சி பாலர் பள்ளி டீச்சரெல்லே? நீங்கள் சின்னனுகளைப் பாத்துக்கொள்ளுங்கோ. இதுக்கு என்ர மருமேன் இருக்கிறான், வீடியோ பாத்துப் பழகிப்போட்டான்."

"நான் சுவீடனில பதினொரு வருசம் சம்பளத்துக்கு விளையாடினனான், அண்ணை."

மரினா பிஸ்கட்டைக் கடிக்காமல் என்னையே பார்த்தாள். அப்போதுதான் பக்கத்தில் இருந்த மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அவ பகிடிக்குச் சொல்லுறா."

எல்லாரும் சிரித்தார்கள். பதினொரு ஆண்டு, கிழிந்த முழங்கால், இரண்டு முறை உடைந்த சுண்டுவிரல், எல்லாம் ஒரு பகிடி. காரில் வரும்போது எனக்குள் வந்த ஏச்செல்லாம் சுவீடிஷில் வந்தது. முன்னால் இருந்த மாமிக்கும் விளங்காது, பின்னால் இருந்த மகளுக்கும் விளங்காது. யாருக்காக ஏசுகிறேன்?

வீட்டுக்கு வந்ததும் பேஸ்மென்டுக்குப் போய், கலியாண அல்பங்களுக்கு அடியில் கிடந்த பிசின் டின்னை எடுத்தேன். மூடியைத் திறக்கக் கத்தி வேண்டியிருந்தது. மரினாவின் விரல்களில் பூசி, கையைக் கவிழ்த்துப் பந்தைப் பிடிக்கச் சொன்னேன். அவளுடைய சின்னக் கையில் பந்து தொங்கிக்கொண்டு நின்றது, விழவில்லை. அவள் வாயைப் பிளந்தாள். பிறகு பிரெஞ்சில், "அம்மா, பகிடி என்று அப்பம்மா சொன்னாவே?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் மாமி படியிறங்கி வந்தார். பேத்தியின் கையைக் கண்டதும் பதறிவிட்டார்.

"ஐயோ, சவர்க்காரம் போட்டுடாதை பிள்ளை, அது போகாது. நில், தேங்காய் எண்ணெய் கொண்டுவாறன்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவருக்கு உறைத்தது. மரினா தன் தமிழைத் தேடி எடுத்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: "அப்பம்மாக்கு எப்பிடித் தெரியும்?"

மாமி திரும்பினார். மேலே போனார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, பாதிப் படியில் நின்றுவிட்டார். "வேண்டாம் மாமி, இருக்கட்டும்" என்றேன். மகளுக்கு எந்தப் பாஷையில் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் என் கையிலும் பிசினைப் பூசிக்கொண்டு, சுவீடிஷில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, முழங்கால் நோக அந்த மூன்று அடியையும் வைத்துக் காட்டினேன். அவள் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு பின்னால் வந்தாள்.