வியாழக்கிழமை ஐந்து சுற்று

உடற்கல்வி வாத்தியாருக்கு மழை பெய்தாலும் பாடம் போகும், வெயில் எறித்தாலும் பாடம் போகும். போகாமல் இருப்பது கழுத்தில் தொங்கும் விசில் மட்டும்தான். விசில் ஊதிப் பிழைக்கும் என் சக பாவிகளே, இந்தக் கொழும்பு வெள்ளவத்தைக்காரனின் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

இரவல் பாடம்

எட்டாம் வகுப்புக்குக் கிழமைக்கு ஒரே ஒரு விளையாட்டுப் பாடம். அது வியாழக்கிழமை. கணிதம் படிப்பிக்கும் வசந்தி மிஸ் அதை என்னிடம் இரவல் கேட்பார். இன்றைக்கு மட்டும் என்பார். அப்படிப் போன பாடம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த வருடம் என்னைக் கேட்கிற சிரமமும் வேண்டாமென்று நினைத்தாரோ என்னவோ, நேரே அதிபரிடம் போய் அதை நிரந்தரமாகவே தனக்குத் தரச் சொல்லிவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்டு அதிபரின் அறைக்கு ஓடினேன். இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்குகிற பிள்ளைகள், இருக்கிற ஒரு பாடத்தையும் பிடுங்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "தவணை முடிவில நானே வந்து பாப்பன். வகுப்பில அரைவாசிப் பேர் முற்றத்தை ஐஞ்சு சுற்று நிக்காமல் ஓடினால் பாடம் உமக்கு. இல்லாட்டி மட்ஸுக்கு."

நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

ஐந்து சுற்று என்றதும் பெரிய மைதானத்தை நினைக்காதீர்கள். இரண்டு பள்ளிக்கூட வான்கள் திரும்பினால் முடிந்துபோகும் முற்றம் அது. அதையே முதல் நாள் கவிஷன் என்ற பையன் ஒன்றரைச் சுற்றில் கைவிட்டான். சுகாதாரப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்து வகுப்பிலேயே முதலாம் பிள்ளை அவன்தான். உடற்பயிற்சியின் பயன்கள் பத்தையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்புவிப்பான். அந்தப் பாடத்துக்கும் டியூஷன் போகிறான் என்று பிறகுதான் அறிந்தேன்.

பத்துப் பயனும் தெரிந்த உனக்கு இரண்டு சுற்று ஓடத் தெரியவில்லையே என்று கேட்டேன். மதிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வந்ததும் பணிவாகவே பதில் சொன்னான்: "சேர், ஓடுறது பேப்பரில வராதுதானே?"

அவித்த கடலை

ஓட்டம் வராததற்குத் தீனும் ஒரு காரணம் என்று கன்டீன் பக்கம் திரும்பினேன். கன்டீன் நடத்தும் முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல மனிதர். சொன்ன மறுநாளே அவித்த கடலையும் பப்பாசித் துண்டும் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசைக்கு வந்தன. வாசலில் "சத்துணவு" என்று பலகையும் தொங்கவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கிழமை போனபின், கடலை எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

நானா கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். முகத்தில் அப்படியொரு நன்றி. "சேர், கடலை அப்படியே ஈக்கிது. ஆனா எண்ணெயில பொரிச்ச ரோல்ஸ் முந்தியை விட நல்லாப் போகுது. நல்ல கன்டீன் எண்டு நம்பி உம்மாமார் இப்ப சாப்பாடே கட்டி அனுப்புறல்ல."

நான் செய்த பிழை

கிழமைக்கு ஒரு நாள் ஓடிக் காணாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி கொடுத்து, தினமும் பின்னேரம் அரை மணித்தியாலம் நடந்து, நேரத்தை எழுதி, வீட்டில் கையொப்பம் வாங்கச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். புத்தி கெட்டுப்போய், இது வீட்டில் செய்து தரும் ஒப்படை, புள்ளி உண்டு என்றும் சொல்லித் தொலைத்தேன்.

கொப்பிகள் வந்தன பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு நாள் தவறவில்லை. அபிராமி என்ற பிள்ளை கடற்கரைப் பக்கமாகத் தினமும் நாற்பது நிமிடம் நடந்து, வரைபும் கீறியிருந்தாள். அதிபரிடம் அள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். வசந்தி மிஸ்ஸின் முன்னால் கொஞ்சம் நெஞ்சையும் நிமிர்த்தினேன் என்பதை மறைப்பானேன்.

தவணை முடிவில் அதிபர் முற்றத்தில் வந்து நின்றார். விசில் ஊதினேன். முதலாம் சுற்றிலேயே நாலு பேர் நிலத்தில் குந்திவிட்டார்கள். இரண்டாம் சுற்றில் அபிராமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து முடித்தவர்கள் மூன்றே பேர். அதிபர் திரும்பிப் படியேறினார். நான் வெட்கத்தில் விசிலைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

அபிராமியின் தாயை அழைப்பித்தேன். காலில் பளிச்சென்ற சப்பாத்தோடு விறுவிறு என்று நடந்து வந்தார். முந்திய தவணையில் பார்த்ததில் பாதி ஆளாய் இருந்தார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒப்படை என்றால் காகிதக் கோட்டையிலிருந்து எரிமலை வரைக்கும் தாய்மார்தானே செய்வார்கள்? "அவளுக்குப் பின்னேரம் டியூஷன் சேர், அதால அவளின்ர நடையையும் நான்தான் நடந்தனான். எனக்குச் சுகர் நல்லாக் குறைஞ்சிட்டுது, நீங்கள் நல்லா இருக்கோணும்!"

தாய்மாரின் வேண்டுகோள்

பெற்றார் கூட்டத்தில் வியாழக்கிழமைப் பாடம் கணிதத்துக்குப் போனதாக அறிவித்தார்கள். வசந்தி மிஸ்ஸுக்குக் கைதட்டல். நான் பின்வரிசையில் கைகட்டி இருந்தேன். எனக்காக ஒருவராவது வாய் திறப்பார்களா என்று மனம் அடித்துக்கொண்டது. திறந்தார்கள். அபிராமியின் தாய் எழுந்து, பின்னால் இருபது தாய்மார் தலையாட்ட, அதிபரைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளையளுக்கு மட்ஸ் நல்லம் சேர். முற்றம் சும்மாதானே கிடக்கப் போகுது, அந்த நேரத்தையும் சேரையும் எங்களுக்குத் தாங்கோவன்?"

யன்னல்

தந்தார்கள். இப்போது வியாழன்தோறும் மேலே எட்டாம் வகுப்பு அல்ஜிப்ரா செய்ய, கீழே அவர்களின் தாய்மார் ஐந்து சுற்று நிற்காமல் ஓடுகிறார்கள். கடலையும் அவர்களே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். போன கிழமை அண்ணாந்து பார்த்தபோது அபிராமி யன்னல் கம்பியைப் பிடித்தபடி தாய் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் படியில் மூச்சு வாங்க இறங்கி வந்து, மெதுவாகக் கேட்டாள்: "சேர், எங்களை விளையாட விடுறதுக்கு எங்களுக்கு எத்தினை வயசாகோணும்?"

இருபத்தெட்டுப் பிள்ளைகளை ஓடவைக்கப் புறப்பட்டு அவர்களைப் பெற்றவர்களை ஓடவைத்ததுதான் என் சேவைக் காலத்தின் ஒரே சாதனை. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் ஊதத் தெரியவில்லை.