தலைசுற்றலுக்கு ஒரு சொல்

முதியோர் இல்ல வேலைக்கு ஜப்பான் போகும் பெண்களுக்கு அந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுத்தே டீச்சருக்கு ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவள் மட்டும் போகவில்லை. நேர்முகத்தில் மூன்று முறை கழித்துக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொருத்தியையும் வாய் நிறைய வாழ்த்தி அனுப்புவாள், வயிறு எரியும்.

இந்த முறை வந்தவர்களில் ஒருத்தி தையல்காரி. வயது முப்பத்தைந்து. வேலைக்கு வரம்பும் அதுதான். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

அன்று சுருள்களைப் பற்றிய பாடம். நத்தை ஓட்டுக்கும், சுற்றிச் சுற்றி மேலே ஏறும் படிக்கட்டுக்கும் ‘உஸுமாகி’ என்று ஒரே சொல்லைப் போர்டில் எழுதினாள் டீச்சர். தையல்காரி எழுந்து, கழுத்தில் கிடந்த இஞ்சி டேப்பைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்தாள்.

“டீச்சர், இப்படித் தட்டையா இருந்தாத்தானே உஸுமாகி? நடுவுல பிடிச்சு மேல இழுத்தா, அதுக்கு ராசென்னு புத்தகத்துல வேற சொல் இருக்கே. அப்போ படிக்கட்டும் ராசென் இல்லையா?”

வகுப்பு கைதட்டியது. ஒன்பது வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருப்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கெட்டிக்காரிதான். அடுத்த சொல்லையும் நீயே செஞ்சு காட்டேன்மா.”

அடுத்த சொல் ‘குருகுரு’. விடாமல் சுற்றுவதைக் குறிப்பது; நோயாளிகள் தலைசுற்றலைச் சொல்வதும் அதை வைத்துத்தான். ஐந்து சுற்று சுற்றிவிட்டு, தலை சுற்றுகிறது என்று ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். அது அந்த வகுப்பின் வழக்கம். தையல்காரியை டீச்சர் நாற்பது சுற்ற வைத்தாள். நிதானமாகத் தானே எண்ணினாள். பதினைந்தில் மற்றவர்களின் சிரிப்பு நின்றது. நாற்பதில் அவள் சுவரில் மோதி விழுந்து, குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வாக்கியத்தைப் பிசகில்லாமல் சொன்னாள். அதுதான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

நேர்முகத்தில் தையல்காரி வெளுத்து வாங்கினாள். ஆள் எடுக்க வந்த அம்மாள் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“இவங்க நல்லா பேசுறாங்க. உடம்பு எப்படி?”

“தங்கமான பொண்ணு மேடம். போன வாரம் வகுப்புல தலைசுத்தி விழுந்துட்டா, வாந்தியும் எடுத்தா. மறைக்க எனக்கு மனசு வரல.”

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதையே வீடு போய்ச் சேரும்வரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், பாவி.

மறுநாள் தேர்வானவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். தையல்காரி மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். அவள் பெயர் இல்லை. பிறகு நேராக வந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்காக நீங்க தனியா போய்ப் பேசினீங்களாமே டீச்சர். கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க.”

டீச்சர் கையை உருவிக்கொள்ளவில்லை.

“அழாதேம்மா,” என்றாள். “நமக்குக் கொடுத்து வைக்கல.”