நிசப்தம் பற்றிய முதல் வரி

வீட்டில் அவனுக்கு 'ஆராய்ச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் காது சோதித்துக் கருவி பொருத்துவது பிழைப்பு. அதோடு சும்மா இருந்திருக்கலாம். தத்துவமும் செவியியலும் சேர்ந்த முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, இரண்டு துறைகளுக்கும் நடுவில் மாட்டி முழி பிதுங்கினான். செவியியல் பேராசிரியர், "இதுல அளவு எங்கப்பா?" என்பார். தத்துவப் பேராசிரியை, "அளவைத் தூக்கி ஓரமா வை, அர்த்தம் எங்க?" என்பார்.

எப்படியோ ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டான். பிறவியிலேயே காது கேளாதவர்களின் நிசப்தம் எப்படிப்பட்டது என்பதுதான் பொருள். 'கேளாதோர் நிசப்தத்தில் வாழ்கிறார்கள்' என்பது முதல் வரி. "உங்க நிசப்தம் எப்படி இருக்கும்?" என்று காது கேளாத ஊர்ப்பட்ட பேரிடம் கேட்டிருந்தான். தோளைக் குலுக்கியவர்களைக் கூச்சக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டான். அட்டை போட்டுத் தைத்தும் ஆயிற்று. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும், தவறினால் பதிவு ரத்து.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, மனைவியின் அக்காவுக்குக் கருவியை முதல்முறையாக இயக்கும் நாள். கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுகிறவள். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் அறியாதவள். அறுவை செய்து காதுக்குள் கருவி வைத்த புண் ஆறியிருந்தது. அவன் கணினியைத் தட்டியதும் தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. ஏசி இரைந்தது, நாற்காலி கிறீச்சிட்டது, பக்கத்தில் இருந்த தங்கை, அவன் மனைவி, மூக்கை உறிஞ்சினாள். அத்தனைக்கும் முகம் சுளித்தாள். 'இதுக்கா இவ்வளவு ஆசைப்பட்டீங்க?' என்று கையால் கேட்டாள்.

அப்போது ஏசி தானாக நின்றது. மூவரும் அசையாமல் இருந்த நேரம் அது.

அக்கா சட்டென்று கையை உயர்த்தினாள். கண்கள் அகல விரிந்தன. கருவி நின்றுவிட்டதோ என்று அவன் பதறிப் பார்த்தான். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு. இப்ப சத்தம் இல்ல, அவ்வளவுதான்," என்றான் மனைவியிடம்.

அவள் கையால் சொன்னாள். அக்காவின் விரல்கள் வேகமாகப் பதில் பேசின.

"ஏதோ இருக்காம்ங்க. அறை முழுக்க இருக்காம். ரொம்பப் பெருசா."

"முன்னாடியும் இப்படித்தானே இருந்திருக்கும்?"

அக்கா தலையை அழுத்தமாக ஆட்டி மறுத்தாள். மனைவி ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள். "உங்க முதுகுக்குப் பின்னாடி உங்களுக்கு என்ன தெரியுது? இருட்டாவா தெரியுதுன்னு கேக்குறா."

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதுகுக்குப் பின்னால் இருட்டு இல்லை, எதுவுமே இல்லை. நிசப்தம் காது கேட்பவனின் சொத்து! அது அவளிடம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனை வருஷமும் இல்லாத ஒன்றை அவள் தலையில் கட்டி, அதற்கு அத்தியாயம் வேறு பிரித்திருக்கிறான். வெட்கப்படத்தான் வேண்டும். வியப்பு அதற்கு இடமே விடவில்லை.

வெளியே வராந்தாவுக்குப் போகக்கூடத் தோன்றாமல், அங்கேயே மெல்லிய குரலில் பேராசிரியைக்குப் போன் போட்டான். "மேடம், முதல் வரியே தப்பு."

"ரெண்டாவது வரி?"

"அது முதல் வரியை நம்பித்தான் நிக்குது."

நடந்ததைச் சொன்னான். "அடக் கடவுளே, நானும் படிச்சுட்டு டிக் போட்டேனே," என்றார். "திங்கட்கிழமை கொடுக்கலேன்னா திரும்ப முதல்லேர்ந்து பதியணும். தெரியுமில்ல?"

மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொடுத்துட்டுப் பட்டத்தை வாங்குங்க. தப்பை அப்புறம் நிதானமா திருத்திக்கலாம்."

அவன் அக்காவைப் பார்த்தான். கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. உதட்டின்மேல் விரலை வைத்து அவனைத்தான் அதட்டினாள்.

"முதல்லேர்ந்தே பதியறேன் மேடம்," என்றான்.

"நல்லா யோசிச்சியா? ஏம்ப்பா, குரல் ஏன் இவ்வளவு இறங்கிப்போச்சு?"

"அப்புறம் பேசறேன் மேடம். அவங்க நிசப்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்காங்க," என்று கிசுகிசுத்துவிட்டுப் போனை வைத்தான்.