கருடன் வந்த நேரம்

அண்ணாமலை நகரில் இருக்கும் மச்சான் வீட்டுக்காகக் கடலூர் துறைமுகத்தில் சங்கரா மீன் வாங்குகிறேன். விற்கிற அக்கா மீனை ஆய்ந்தபடியே, தாழ்ந்து வரும் பருந்துகளைக் குச்சியால் விரட்டுகிறார். "சனியனுங்க, ஒரு நிமிஷம் வேல பாக்க வுடுதுங்களா."

அப்போது வெள்ளைக் கழுத்துக் கருடன் ஒன்று தலைக்கு மேல் வட்டமிடுகிறது. அக்கா குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணை மூடி, செதிள் ஒட்டிய கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நானும்தான். கண்ணைத் திறந்தால், நான் காசு கொடுத்து வாங்கிய பெரிய மீனைப் பலகையில் காணோம். எது தூக்கியது என்று இருவருமே பார்க்கவில்லை.

"கருடன்தான் எடுத்திருக்கும். உங்களுக்கு நல்லது நடக்கும் சார்" என்கிறார்.

"பருந்தா இருந்தா?"

"பருந்துன்னா நான் வேற மீன் குடுக்கணுமே."